புதிய மரவேலை யந்திரங்களும் அவற்றின் மசகுக் காப்பும்

(தச்சுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்று காலையில் நமது சங்கத்தின் வேலைக் கொட்டகைக்குச் சென்றிருந்தேன். நீங்கள் வெகுநாளாக எதிர்பார்த்திருந்த யந்திரங்கள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று பலகை இழைக்கும் யந்திரம். மற்றொன்று நாடா ரம்பம். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர்களின் முகத்தில் ஓர் ஏமாற்றத்தைக் கண்டேன். விலைப் புத்தகத்துப் படத்தில் கண்ணாடிபோல் மின்னிய மேசை, நேரில் பார்க்கும்போது மாட்டு வண்டியின் அச்சிலிருந்து வழித்த மையை அப்பியதுபோல் இருந்தது. தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. "ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஐயா, அதற்குள் இந்த அழுக்கையெல்லாம் வழித்தெறிந்து பளிச்சென்று ஆக்கிவிடுகிறோம்" என்று இளைஞர் இருவர் உற்சாகத்தோடு சொன்னார்கள்.

அதைக் கேட்டவுடன் நான் பேச உத்தேசித்திருந்த விஷயத்தை மாற்றிக்கொண்டேன். கணக்குப் புத்தகங்களைப்பற்றிச் சொல்ல வந்தேன். அது அடுத்த கூட்டத்திற்கு இருக்கட்டும். இன்று அந்த அழுக்கைப்பற்றியே பேசப்போகிறேன். ஏனெனில் அது அழுக்கன்று. அதை எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது, எடுத்த பிறகு என்ன செய்வது என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால், நம் சங்கத்தின் முதலுக்கே சேதம் வரும். இந்த யந்திரங்கள் உங்கள் பங்குத் தொகையாலும், ஜில்லா மத்திய கூட்டுறவு பாங்கியில் வாங்கிய கடனாலும் வந்தவை. யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கடன் தவணை அதனதன் தேதியில் வந்து வாசலில் நிற்கும்.

மசகு பூசப்பட்ட காரணம்

யந்திரத்தின் பெரும்பாகம் வார்ப்பிரும்பு. அதன் கால், கூடு முதலியவற்றிற்கு வர்ணம் பூசியிருக்கிறார்கள். ஆனால் பலகை வழுக்கிச் செல்லும் மேசை, அந்த மேசையை ஏற்றவும் இறக்கவும் உதவும் சரிவுத் தடங்கள், திருகுகள், கத்தி பொருத்திய உருளை ஆகிய இவற்றிற்கு வர்ணம் பூச முடியாது. இவை மயிரிழை பிசகாமல் சமனாக்கப்பட்ட இடங்கள். வர்ணம் பூசினால் அந்தச் சமன் கெடும். பலகை உராயும்போது வர்ணமும் உரிந்துபோகும். ஆகவே யந்திரத்தில் எந்த இடம் மிகுந்த பிரயாசையோடு செய்யப்பட்டதோ, அந்த இடமே மேலாடை இல்லாமல் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிப்பதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். உப்பும் கூடினால் துரு விரைந்து ஏறும். கப்பல் பிரயாணத்தில் இம்மூன்றும் உண்டு. ஐரோப்பாவில் ஏற்றிய சாமான்கள், 1869-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் குறுக்கு வழியாக வந்தாலும், வாரக்கணக்காகக் கடல்மேல் இருக்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய பித்தளைச் செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதுபோலவே, குளிர் தேசத்தில் ஏற்றிய இரும்பு, வெப்பமான கடற்காற்றில் புகும்போது வியர்க்கிறது. மூடிய பெட்டிக்குள் அந்த வியர்வை உலர வழியில்லை. இதைத் தடுக்கவே, பெட்டியில் அடைக்குமுன் வர்ணமில்லாத இடங்களிலெல்லாம் இந்த மசகைத் தடவுகிறார்கள்.

இது பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சுத்தி செய்யும்போது கிடைக்கும் மெழுகும் கனத்த எண்ணெயும் சேர்ந்த பண்டம். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872-ம் வருஷத்தில் உரிமைப் பதிவு செய்த வாஸலினுக்கு இது நெருங்கிய உறவு. காஸ்மோலின் என்ற பெயரால் விற்கப்படுவது இந்த இனத்தில் பெயர் பெற்றது. 1939 முதல் 1945 வரையில் நடந்த உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையின் துப்பாக்கிகளை இதைத் தடவியே கட்டி அனுப்பினார்கள். பல வருஷங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோதும் அவை துருவின்றி இருந்தன. பூசியபோது இளக்கமாக இருக்கும் இம்மசகு, அதிலுள்ள ஆவியாகும் பாகம் போகப் போக இறுகி, பழைய மெழுகுபோல் பிடித்துக்கொள்ளும். ஆயினும் இவ்வகை மசகுகள் பெரும்பாலும் செண்டிகிரேட் 40 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இளகிவிடும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால், இதை எடுப்பது கஷ்டமான வேலையன்று.

நான் செய்த பிழை

நான் இந்த உத்தியோகத்திற்கு வந்த புதிதில், வேறொரு தாலூகாவில் நம்முடையதைப் போன்ற ஒரு சங்கம் இழைக்கும் யந்திரம் ஒன்றை வாங்கியது. அன்றும் ஆயுத பூஜை நெருங்கியிருந்தது. பூஜையன்று பெரிய அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு. யந்திரம் மின்ன வேண்டும் என்று சொன்னவன் நானே. என் வார்த்தையை நம்பி அங்கத்தினர்கள் சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, ஒரே நாளில் மசகு முழுவதையும் போக்கிவிட்டார்கள். மேசை வெள்ளித் தாம்பாளம்போல் இருந்தது. பூஜையன்று அதன்மேல் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சரம் சார்த்தி, பக்கத்திலேயே தேங்காய் உடைத்தோம். வந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மின்சாரத் தொடர்பு அப்போது வந்திருக்கவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று ஒன்றரை மாதம் சென்றது. நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூஜைக்குப் பின் பூட்டிய கொட்டகையை மின்சாரக்காரர்கள் வந்த அன்றுதான் திறந்தோம். வெள்ளித் தாம்பாளம் செங்கல் நிறமாகியிருந்தது. சந்தனப் பொட்டு இட்ட ஒவ்வோர் இடத்திலும் வட்ட வட்டமாகக் கருந்துரு இறங்கிக் குழி விழுந்திருந்தது. அந்தப் பதற்றத்தில் சாணைக் கல்லைக் கொண்டு தேய்த்தார்கள். துருவோடு சமனும் போய்விட்டது. அந்த மேசையில் இழைத்த இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்தால், நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கதவும் மேசையும் செய்து விற்கும் சங்கத்திற்கு அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிய இருட்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேசையைப் பட்டணத்திற்கு அனுப்பிச் செப்பனிட்டு வரும் வரையில் தவணைப் பணத்தை அங்கத்தினர்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டினார்கள். ஒருவராவது என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்தச் சங்கத்தில் வயது முதிர்ந்த ஆசாரியார் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் தனியாக என்னிடம் வந்து, "ஐயா, நெல்லை நெல்லாகவே குதிரில் போட்டால் வருஷம் தாங்கும். அரிசியாகக் குத்திவிட்டால், உலை வைக்க ஆள் தயாராக இருக்க வேண்டும். நாம் அடுப்பு மூட்டாமலே குத்திவிட்டோம்" என்றார். அன்று முதல் எந்த யந்திரத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த வார்த்தையே நினைவுக்கு வருகிறது. இந்த மசகு இரும்பின் உமி. உமியை நீக்கத்தான் வேண்டும். ஆனால் உலை கொதிக்கும் நாளில் நீக்க வேண்டும்.

எப்போது எடுக்கலாம்

ஆகையால், முதலில் செய்ய வேண்டியது மசகை எடுப்பதன்று. பெட்டியைத் திறக்கும்போது தலைவரும் காரியதரிசியும் பஞ்சாயத்தாரில் இருவரும் கூட இருந்து, விலைப் பட்டியலில் கண்ட ஒவ்வொரு பாகமும் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விரிசலோ, உடைவோ, குறைவோ கண்டால், அதை உடனே எழுதி, படமும் எடுத்து, விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரிடமிருந்து பதில் வருகிறவரையில் மசகைத் தொடலாகாது. திருப்பி அனுப்ப நேர்ந்தால், அதே காப்போடு திரும்பிப் போகட்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், பின்வரும் நான்கும் தயாராகும் வரையில் பொறுக்க வேண்டும். தளம் போட்டு, யந்திரத்தை அதன்மேல் நிறுத்தி, மட்டம் பார்த்து, திருகாணிகளை முடுக்கியிருக்க வேண்டும். மின்சாரத் தொடர்பு வந்திருக்க வேண்டும். கொட்டகைக் கூரையில் ஒழுக்கு இருக்கக் கூடாது. மசகை எடுத்த அன்றே பூச வேண்டிய மெழுகு, கையில் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், மசகு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழிக்கு நானே சாட்சி.

எடுக்கும் முறை

இதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. மூங்கிலாலோ மெல்லிய மரத்தாலோ சீவிய மொண்ணையான பத்தைகள் நாலைந்து. நன்றாகத் துவைத்து உலர்த்திய பழந்துணி. பழைய பல் தூரிகைகள் இரண்டு. மூடியுள்ள தகர டப்பாக்கள் மூன்று. மண்ணெண்ணெய் இரண்டு மூன்று லிட்டர். மண்ணெண்ணெய் அகப்படாத இடங்களில், வர்ணக் கடைகளில் விற்கும் மினரல் டர்பன்டைன் அதே வேலையைச் செய்யும்.

முதலாவது, மின்சாரத் தொடர்பைத் துண்டித்து, பெல்ட்டையும் கழற்றிவிட வேண்டும். கத்தி உருளையில் கத்திகள் தீட்டியபடியே வந்திருக்கும். மசகு மூடியிருப்பதால் கூர்மை கண்ணுக்குத் தெரியாது. கை தவறினால் விரல் போகும். உருளை சுழலாதபடி ஒரு மரச் சக்கையைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, கழற்றக்கூடிய சிறு பாகங்களை நடுப்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெயிலில் கிடக்கும் இரும்பு, கை பொறுக்காத அளவுக்குச் சுடும் என்பது நீங்கள் அறிந்ததே. மசகு தானே இளகி வழியும். கழற்ற முடியாத மேசைக்கு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் போர்த்தி எடுத்தால் போதும். எடுத்த உடனே ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, இளகிய மசகை மூங்கில் பத்தையால் வழித்து ஒரு டப்பாவில் சேர்க்க வேண்டும். முக்கால் பங்கு மசகு இந்த வழியிலேயே போய்விடும். உளியை இதற்கு எடுக்காதீர்கள். உளியின் முனை ஒரு கீறல் இட்டால் அது யந்திரத்தின் ஆயுள் முழுவதும் இருக்கும். உப்புத்தாளும் கூடாது. அதிலிருந்து உதிரும் பொடி மசகோடு கலந்து, சரிவுத் தடங்களுக்குள் புகுந்து, நாளெல்லாம் இரும்பை அரைத்துக்கொண்டே இருக்கும். அடுப்புச் சாம்பலும் இதே காரணத்தால் விலக்கத்தக்கது. மேலும் சாம்பலின் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவுக்கு இடம் கொடுக்கும்.

நான்காவது, எஞ்சிய பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைக்க வேண்டும். இதற்கு முன் யந்திரப் பாகங்களை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிடுங்கள். இதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன். மண்ணெண்ணெயை யந்திரத்தின்மேல் ஊற்ற வேண்டியதில்லை. துணியில் நனைத்துக்கொண்டால் போதும். இரண்டு டப்பாக்களில் எண்ணெயை வைத்துக்கொண்டு, முதல் துடைப்புக்கு ஒன்றையும், கடைசித் துடைப்புக்கு மற்றொன்றையும் உபயோகியுங்கள். ஒன்றே போதுமென்று நினைத்தால், எடுத்த மசகையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். மேலிருந்து கீழாகத் துடையுங்கள்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத இடங்களைத் தேட வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேசையை முழுவதும் ஏற்றி ஒருமுறையும், முழுவதும் இறக்கி ஒருமுறையும் சரிவுத் தடங்களைத் துடையுங்கள். திருகுகளின் மரைகளைப் பல் தூரிகையால் ஒவ்வொரு சுற்றாகத் தேயுங்கள். இந்த இடங்களில் மசகை விட்டுவிட்டால், யந்திரம் ஓடத் தொடங்கியதும் மரத்தூள் அதில் ஒட்டி, சில மாதங்களில் காய்ந்த களிமண்போல் இறுகிவிடும். பிறகு மேசை ஏறவும் இறங்கவும் மறுக்கும். நீங்களோ யந்திரம் சரியில்லை என்று செய்தவனைக் குறை கூறுவீர்கள்.

ஆறாவது, எண்ணெய் படக்கூடாத இடங்கள் சில உண்டு. நாடா ரம்பத்தின் இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் ரப்பர் பட்டை இருக்கும். ரப்பரில் மண்ணெண்ணெய் ஊறினால் உப்பி நெகிழ்ந்துபோகும். உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். பெல்ட்டுக்கும் இதுவே விதி. பேரிங்குகளுக்குள் இருக்கும் கிரீஸ், காப்பு மசகன்று; அது ஓட்டத்திற்கு வேண்டிய உணவு. அதைக் கழுவிவிட்டால் பேரிங் சீக்கிரம் தேய்ந்துபோகும். மோட்டாரின் பக்கம் ஈரத் துணியே போகலாகாது. தின்னர் போன்ற காரமான திரவங்கள் வர்ணத்தையும் கரைத்துவிடும். அவை நமக்கு வேண்டியதில்லை.

ரம்ப நாடா சுருளாகக் கட்டி வந்திருக்கும். கட்டை அவிழ்த்தவுடன் அது பாம்புபோல் சீறி விரியும். தடித்த கையுறை இட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு அவிழ்க்க வேண்டும். துணி பற்களில் மாட்டாத திசையிலேயே துடைக்க வேண்டும்.

நெருப்பைப்பற்றி ஒரு வார்த்தை

பெட்ரோலால் துடைத்தால் விரைவில் முடியுமே என்று யாரேனும் சொல்லக்கூடும். விரைவில் முடியும் என்பது உண்மையே. கொட்டகையும் கூடவே முடிந்துபோகலாம். ஒவ்வொரு திரவத்திற்கும், அதன் ஆவி பக்கத்திலுள்ள நெருப்பைப் பற்றிக்கொள்ளத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 40 டிகிரி. அதாவது நம் தேசத்தில் இரவும் பகலும், மார்கழியிலும் சித்திரையிலும், பெட்ரோலின் ஆவி தீக்குத் தயாராகவே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாகப் படர்ந்து சென்று, தூரத்தில் இருக்கும் பீடிக் கங்கைக்கூடச் சந்திக்கும். மண்ணெண்ணெய்க்கு அந்த நிலை சுமார் 38 டிகிரி. ஆகவே அது எவ்வளவோ மேலானது. ஆனால் நம் கோடை வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு அதைவிட அதிகம். பாகங்களை நிழலில் ஆறவிட்ட பின்பே எண்ணெய்த் துணியால் தொட வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. வேலை நடக்கும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். விளக்கு, அடுப்பு, பீடி ஆகிய மூன்றும் கொட்டகையின் எல்லைக்குள் வரக்கூடாது.

பழைய புத்தகங்கள் சிலவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை, தீப்பற்றாதது என்று புகழ்ந்து எழுதியிருப்பார்கள். தீப்பற்றாது என்பது மெய். ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் ஈரல் கெடும் என்பது பின்னர்த் தெளிவாகிவிட்டது. அந்தப் புத்திமதியை ஏற்க வேண்டாம்.

எண்ணெய்த் துணிகளை மரச் சுருள் குவியலின்மேல் எறியாதீர்கள். முக்கியமாக, மரத்துக்கு மெருகிட உபயோகிக்கும் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பின் உதவியில்லாமலே அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இவ்வகைத் துணிகளைத் தண்ணீர் விட்ட மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

மற்றோர் எச்சரிக்கை குழந்தைகளைப் பற்றியது. மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர்ப் பாத்திரத்திலோ சோடாப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால், பதறி வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலில் புகுந்து, குடித்ததைவிடப் பெரிய தீங்கை விளைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரியவர்களும் குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் இறக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். உபயோகித்த எண்ணெயை ஒரு நாள் தெளியவிட்டால், மேலே நிற்பதை மறுபடி உபயோகிக்கலாம். அடியில் தங்கும் கசண்டை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நம் கிணறு நம் யந்திரத்தைவிட விலை அதிகமானது.

எடுத்த பின் பூச வேண்டியது

மசகை எடுப்பது பாதி வேலை. அதன் இடத்தில் வேறொரு காப்பை வைப்பது மறு பாதி. மண்ணெண்ணெய் துடைத்த இரும்பில் ஒரு மெல்லிய பிசுக்கு இருக்கும். அதை நம்பி ஓர் இரவுகூட விடக்கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, அன்றே மெழுகு பூசுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கைச் சீவி, டர்பன்டைன் தைலம் மூன்று பங்கில் போட்டு, அந்தப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெந்நீருக்குள் நிறுத்தினால் கரைந்துவிடும். ஆறியதும் வெண்ணெய்போல் இருக்கும். அடுப்பின்மேல் வைத்துக் காய்ச்சக் கூடாது. மேசையில் மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து, சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துரு அணுகாது, பலகையும் வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிச் செல்லும்.

வீட்டிலிருக்கும் எண்ணெயைத் தடவினாலென்ன என்று கேட்கலாம். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகும், தேங்காயெண்ணெய் காறிப்போகும். யந்திர எண்ணெய் துருவைத் தடுக்கும். ஆனால் மேசையில் அது நின்றால், பலகையில் கறை ஏறி, பிற்பாடு மெருகு பிடிக்காது. ஆகவே யந்திர எண்ணெய் திருகுகளுக்கும் தடங்களுக்கும் துளி அளவில் இருக்கட்டும். மேசைக்கு மெழுகே ஏற்றது. முதல் நாளில், விற்பனைக்கு ஆகாத கழிவுப் பலகைகள் சிலவற்றை ஓட்டிப் பாருங்கள். எஞ்சிய பிசுக்கு ஏதேனும் இருந்தால் அவை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதன்பின் வாரத்திற்கொருமுறை துடைத்து, மாதத்திற்கொருமுறை மெழுகிட்டால் போதும். மழைக் காலத்தில் அடிக்கடி செய்ய வேண்டும். பச்சை மரத்தை மேசையின்மேல் இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள். கருவேல மரத்தின் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருங்கறை உண்டாவதை நீங்கள் உளியிலேயே கண்டிருக்கிறீர்கள். மரத்தூளும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாலையில் வேலை முடிந்ததும் பெருக்கிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்குப் போய், யந்திரம் மாதக்கணக்கில் நிற்கும்படி நேர்ந்தால், வாஸலினைத் தடவி, மெழுகுக் காகிதத்தால் மூடிவிடுங்கள். குத்திய அரிசியைத் திரும்ப நெல்லாக்க முடியாது. ஆனால் இரும்புக்கு மட்டும் உமியைத் திரும்பப் போர்த்தலாம். அது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

பொறுப்பு யாருடையது?

இத்தனையும் கேட்டபின், "சரி, செய்துவிடலாம்" என்று எல்லோரும் தலையசைப்பீர்கள். நான் பயப்படுவது அந்த "எல்லோரும்" என்ற வார்த்தைக்குத்தான். பல பேர் கண்ட பாம்பு சாகாது என்பார்கள். தேரை இழுக்க ஊர் முழுவதும் வடம் பிடிக்க வேண்டும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இன்னாரென்று குறித்திருக்கிறோம். அவர் கவனம் தவறினால், வடம் பிடித்த ஆயிரம் பேரும் தேரை நிறுத்த முடியாது. நம் யந்திரத்துக்கும் முட்டுக்கட்டைக்காரர் இருவர் வேண்டும். அவர்கள் பெயரை இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மசகு எடுத்த தேதி, மெழுகு பூசிய தேதி, துடைத்த தேதி ஆகியவற்றைக் குறிக்க ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொட்டகையிலேயே தொங்கட்டும். மெழுகுக்கும் துணிக்கும் ஆகும் சொற்பத் தொகையை நடைமுறைச் செலவில் சேர்க்கப் பஞ்சாயத்தார் அனுமதி கொடுக்கட்டும். அடுத்த தணிக்கைக்கு வரும்போது, ரொக்கப் புத்தகத்தைப் பார்க்குமுன் அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் கேட்பேன்.

கடைசியாக, ஆயுத பூஜை. யந்திரத்துக்குப் பூஜை அவசியம் செய்யுங்கள். கருவியை வணங்கித் தொழில் தொடங்கும் வழக்கம் உயர்ந்த வழக்கம். ஆனால் மின்சாரத் தொடர்பு வருவதற்கு முன்பாகவே பண்டிகை வந்துவிட்டால், மசகோடேயே பூஜை நடக்கட்டும். பொட்டை வர்ணம் பூசிய கூட்டின்மேல் இடுங்கள். மாலையைக் கொட்டகைத் தூணில் கட்டுங்கள். தேங்காயை வாசற்படியில் உடையுங்கள். யந்திரம் மின்னவில்லையே என்று வருகிறவர்கள் கேட்டால், இன்னும் உலை வைக்கவில்லை, அதனால் நெல்லைக் குத்தவில்லை என்று சொல்லுங்கள். உலை கொதிக்கும் அன்று என்னையும் கூப்பிட்டனுப்புங்கள். நானும் ஒரு மூங்கில் பத்தையோடு வந்து உங்களோடு உட்காருகிறேன். முன்பு ஓர் ஊரில் நான் பட்ட கடனில் அது ஒரு தவணையாக இருக்கட்டும்.